ஆறு நாள் வெயில்

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், மேடம். ஆனால் இதில் பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமியாத்தாள் அக்கா என் அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னது. இரண்டு பேரும் ஒரே களத்தில் தேங்காய்ப் பருப்பு காயவைக்கிறவர்கள். சாமியாத்தாள் அக்கா கொஞ்சம் கூட்டித்தான் பேசுவார். அப்படிக் கூட்டியது என்று எனக்குத் தெரிகிற இடத்தில் கழித்துவிட்டே சொல்கிறேன். எனக்கும் இந்த விஷயத்துக்கும் நேரடியாகச் சம்பந்தம் கிடையாது.

உட்காருங்கள். கரண்ட் வர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். விளக்கு இல்லாமல் உங்கள் மோதிரத்தைப் பார்த்து எதையாவது சொல்லிவிட எனக்குப் பயம். ஒன்று மட்டும் இப்போதே சொல்லலாம். அது செவ்வந்திக்கல்லாக இருந்தால் வீட்டில் ஜன்னலோரம் கழற்றி வைக்காதீர்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் ஊதா வெளுக்கும். அடுப்பில் சூடு ஏற்றினால் மஞ்சளாகவே மாறிவிடும். அப்படி மாற்றியதை வேறு பெயர் வைத்து விற்கிறார்கள். அது குற்றம் இல்லை, சொல்லி விற்றால்.

அந்த அட்டையைத்தானே கேட்டீர்கள்? 'இங்கு வெயில் சோதனை செய்வதில்லை. செய்துபார்க்கும்படி யாருக்கும் சொல்வதும் இல்லை.' ராஜமாணிக்கம் சார் தன் கையாலேயே எழுதி ஒட்டியது. இந்த ரத்தினக்கல் சோதனைக்கூடம் அவருடையது. நான் இங்கே உதவியாளர். இரண்டாவது வரியை அவர் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

போன பங்குனி மாதம். சனிக்கிழமை, மதியம் இருக்கும். சார் ஜெய்ப்பூரில் கல் கண்காட்சிக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். ஒரு அக்கா வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா.

"நீ ராசம்மா மவ கோகிலவாணிதான?" என்றார்.

"ஆமாங்க்கா."

"உங்கம்மா களத்துல ஒரு நாளைக்கி நாலு தடவ சொல்லிப்போடும், எம் புள்ள கல்லப் பாத்தே சாதி சொல்லிருமுன்னு. மனுசனப் பாத்துத்தான் எல்லாரும் சொல்லுவாங்க, இவ கல்லப் பாத்துச் சொல்லுறாளான்னு நாங்க சிரிப்போம். ஏசி எல்லாம் போட்டு உக்காந்திருக்கியே கண்ணு!"

அவர் பெயர் மயிலாத்தாள். அம்மாவோடு களத்தில் வேலை செய்கிறவர்தான். கணவர் இல்லை. ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், தேவிகா. ஒரு தோட்டத்தில் மோட்டார் ரூமை ஒட்டிய தகரச் சாளையில் பத்து வருஷமாகக் குடியிருந்தார்கள். வாடகை இல்லை, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தைச் சோலார் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். சித்திரை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். ஊருக்குள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஒருவர் மூன்று சென்ட் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் அதே தகரத்தைப் பிரித்துக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம், பெண் அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுதலாம். அவருக்கு வேண்டியது அந்த மூன்று சென்ட் மட்டும்தான். மேடம், அவர் பேசினது முழுக்க அதைப் பற்றித்தான். கல்லைப் பற்றி நான்தான் கேட்டேன்.

டப்பாவைத் திறந்தார். உள்ளே அரிசி. அரிசிக்குள் கையை விட்டு எடுத்தார்.

நான் படித்த மூன்று வருஷத்தில், இங்கே வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில், அப்படி ஒரு நீலம் பார்த்ததில்லை. கட்டைவிரல் அளவு, ஆறு பட்டையாக, ஒரு முனை உடைந்திருந்தது. எங்கள் பக்கம் அக்வாமரின் என்று ஒரு நீலநிறக் கல் கிடைக்கும், ஆனால் அது கழுவின தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் பச்சை ஓடும். பச்சையை எடுக்க மூசையில் வைத்து மண் பூசிச் சூடு காட்டுவார்கள். அப்போதும் இந்த நீலம் வராது.

சோலார் தூண் நடக் குழி எடுத்தபோது இயந்திரம் ஒரு வெள்ளைப் பாறையை உடைத்துப் போட்டிருக்கிறது. அந்த மண்குவியலில் கிடந்தது. எங்கள் ஊர் வழக்கம், கல் யார் கண்ணில் படுகிறதோ அவர்களுக்குத்தான். எடுத்தவர்கள் அதை வெளியில் பேச மாட்டார்கள். விற்கிற வரை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார்கள். தரகர் வந்தால் காலையில், பத்து மணிக்குள், வடக்கு வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "வெயிலு பட்டா கல்லு கூசும்" என்பார்கள்.

தரகர் சென்னியப்பன் வந்து பார்த்து, விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த விலைக்கு மூன்று சென்டும் வரும், பத்திரச் செலவும் வரும். அடுத்த சனிக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை, இங்கே காட்டி, என்ன கல் என்று ஒரு சீட்டு வாங்கி வைக்க வேண்டும்.

"ஒரு சீட்டு எழுதிக் குடு கண்ணு. அப்பறம் இதுல சென்னியப்பன் நம்பரு எதுன்னு பாத்துச் சொல்லு, ஒரு போன் பண்ணோணும்" என்று ஒரு தாளை நீட்டினார். நாலைந்து பெயரும் எண்ணும் எழுதியிருந்தது. நான் படித்து, அவர் போனில் எண்ணை அழுத்தியும் கொடுத்தேன்.

பிறகு கல்லைச் சோதித்தேன். எடை முப்பத்தெட்டு புள்ளி இரண்டு ஒன்று காரட். தண்ணீரில் நிறுத்தேன். ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்தேன். எல்லாம் அக்வாமரின் சேர்ந்த பெரில் குடும்பத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் முனை வழியாகப் பார்த்தால் அடர் நீலம், பக்கவாட்டில் பார்த்தால் வெளிர். அக்வாமரினில் இது நேர்மாறாக இருக்கும். ஒரு கல்லூரிப் பாடம் நினைவுக்கு வந்தது. இதே குடும்பத்தில் இன்னொரு வகை உண்டு. பூமிக்குள் கதிர் பட்டுப் பட்டு நீலம் ஏறியிருக்கும். வெளிச்சமும் சூடும் பட்டால் அந்த நீலம் இறங்கிவிடும்.

சாருக்குப் போன் செய்தேன். அங்கே ஒரே சத்தம்.

"சார், குடும்பம் பெரில்தான் சார். ஆனா நிறம் நிக்குமான்னு சந்தேகமா இருக்கு சார்."

"அப்ப பெரில்னு மட்டும் எழுதிக் குடுத்துடும்மா. நிறத்தப் பத்தி எழுதாத."

"எழுதாம விட்டா அது மறைக்கிற மாதிரி ஆகாதா சார்?"

"அப்ப டப்பாவோட லாக்கர்ல வை. நான் திங்கக்கிழமை விட்டுத் திங்கக்கிழமை வந்து பாக்கறேன்."

சார் வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும். பெரில் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் சென்னியப்பன் வாங்கிவிடுவார். அவரிடமிருந்து யாரோ வாங்குவார்கள், நகை செய்து போட்டுக்கொள்வார்கள், ஒரு மாதத்தில் அது கண்ணாடித் துண்டு மாதிரி ஆகிவிடும். சீட்டில் என் கையெழுத்து இருக்கும். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான், மேடம். அப்பாவுக்குக் கைநாட்டுதான். தப்பாகப் போய்விடக் கூடாது என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அக்கா, இந்த நிறம் நிக்குமா நிக்காதான்னு தெரியாம நான் எழுத முடியாதுங்க. தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. பாதிக் கல்லை அலுமினியத் தாள்ல மூடி, மீதிப் பாதிய ஒரு வாரம் வெயில்ல வெச்சா, ரெண்டு பாதியும் ஒண்ணா இருக்கான்னு பாத்துச் சொல்லிரலாம்."

"வெயில்லயா?" என்றார். "கூசுமுன்னு சொல்லுவாங்களே கண்ணு."

"அது மூடநம்பிக்கைங்க அக்கா. கல்லுக்குக் கூச்சம் எல்லாம் கிடையாது."

இதை நான் இப்போதும் தப்பு என்று நினைக்கவில்லை. அவர்கள் காரணம் தெரியாமல் சொல்கிறார்கள். காரணம் தெரியாமல் சொல்வது அறிவியல் ஆகாது.

பாதி மூட வேண்டும், கல்லை நகர்த்தக் கூடாது, தினமும் எத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதியே கொடுத்தேன். தெளிவாக, பெரிய எழுத்தில். அவர் அதை நாலாக மடித்து டப்பாவுக்குள் அரிசியில் செருகிக்கொண்டார். சாயந்திரம் அம்மாவிடம்கூடச் சொன்னேன், எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று.

இல்லை மேடம், கரண்ட் வரவில்லை. அது பக்கத்துக் கடை ஜெனரேட்டர்.

இனிமேல் வருவது சாமியாத்தாள் அக்கா சொன்னது. அவர் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் இருக்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாத்தாள் அக்கா கல்லைக் கழுவித் துடைத்து, சாளைத் தகரத்தின் மேல் வைத்திருக்கிறார். மூடவில்லை. பங்குனி வெயிலில் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. மணிக்கு ஒரு தரம் ஏறி, கல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் காயாமல் போய்விடக் கூடாது என்று. இருபது வருஷமாகத் தேங்காய்ப் பருப்பு காயவைத்தவர். பருப்பானாலும் மிளகாயானாலும் மஞ்சளானாலும் வெயிலில் போட்டுத் திருப்பிவிட்டால்தான் தரம் நிற்கும், விலை ஏறும். படித்த பெண் ஒரு வாரம் வெயிலில் வை என்று சொன்னால் அவர் காதில் அப்படித்தான் விழும் போல. களத்துக்குக்கூடப் போகவில்லை. ஆறு நாள் கூலியை விட்டுவிட்டு, கல்லுக்குக் காக்கா காவல்.

"அதென்னத்த மேல கொண்டுபோயி வெச்சுட்டுக் குஞ்சு பொரிக்கிறவளாட்டம் பாத்துட்டே இருக்கற?" என்று சாமியாத்தாள் அக்கா கேட்டிருக்கிறார்.

"கல்லுக்கு வெயில் காட்டறனக்கா. லேப்புல சொல்லியிருக்குது. நல்லாக் காஞ்சாத்தான் சீட்டுக் குடுப்பாங்களாமா."

மூன்றாம் நாள் தேவிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீலம் கொறையற மாதிரி இருக்குதும்மா" என்றாளாம்.

"அப்படித்தான் சாமி இருக்கும். பருப்புலயும் மொதல்ல ஈரம் போகோணும். அப்பறந்தான் எண்ணெ ஏறும். செத்த பொறு."

இப்படிச் சொன்னாரே தவிர அவருக்கும் பயம் வந்திருக்கிறது. ஏனென்றால் மறுநாள், புதன்கிழமை, எனக்குப் போன் செய்தார். இது எனக்கு நேரடியாகவே தெரியும்.

"கண்ணு, நெறம் மாறுதாட்டம் தெரியுதே. எடுத்து உள்ள வெச்சுறட்டா?"

"மாறுதா இல்லையான்னு பாக்கத்தானுங்க அக்கா இந்தச் சோதனையே. நடுவுல எடுத்துட்டா அப்பறம் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு வாரம் முழுசா முடியட்டுங்க."

"செரி கண்ணு. நீ சொன்னாச் செரி."

மூடின பாதி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கிறேனே, மூடியிருப்பார் என்று நினைத்தேன். மேடம், ஒரு சோதனையை ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்துவதற்குச் செய்யாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சோறாக்க அரிசி எடுத்தபோது தேவிகா கையில் என் தாள் வந்திருக்கிறது. அவள் உரக்கப் படித்திருக்கிறாள். 'பாதியை மூட வேண்டும்' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டாளாம். பிறகு மீதியை மனதுக்குள் படித்துவிட்டு, தாளை மடித்து வைத்தாளாம். அம்மா "என்ன போட்டிருக்குது?" என்று கேட்டதற்கு, "நீ வெச்ச மாதிரிதாம்மா போட்டிருக்குது" என்றாளாம். இந்த இடத்தைச் சாமியாத்தாள் அக்கா கூட்டிச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சனிக்கிழமை காலையில் சென்னியப்பன் வந்தார். வடக்கே பார்த்து உட்கார்ந்தார். மயிலாத்தாள் அக்கா கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் பார்த்தார், கல்லுக்கு அடியில் தன் கைரேகையைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"இது யாரு கல்லும்மா?"

"அன்னிக்கிக் காமிச்சதுதானுங்."

"அன்னிக்கி நீ காமிச்சது மயிலு கழுத்து. இது கண்ணாடி டம்ளர் அடி. அது எங்க?"

"இதாங்க அது. வெயில்ல வெச்சனுங், வெளுத்துப் போச்சுங்."

"வெயில்ல வெச்சா வெளுக்கறதுக்கு இதென்ன வேட்டியா? நாப்பது வருசமா கல்லத் தொட்டுட்டு இருக்கறன். எவங்கிட்டத் தள்ளிவிட்டன்னு சொல்லு. ஒரு ஆயிரம் அதிகம் குடுத்தானா? எங்கிட்டக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?"

"எம் மவ மேல சத்தியமுங்."

"சத்தியத்த வெச்சு நான் என்னத்த அறுக்கறது?"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அதுவரை கல் கிடைத்த விஷயம் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் தெரியும். அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே மூன்று பேரும் இங்கே வந்தார்கள். மயிலாத்தாள் அக்காவும் தேவிகாவும் பஸ்ஸில், சென்னியப்பன் வண்டியில் முன்னாலேயே வந்து இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் காத்திருந்தார். இனிமேல் நான் பார்த்ததுதான்.

சென்னியப்பன் மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "இத பாரம்மிணி, நான் வம்புக்கு வரல. போன சனிக்கிழம இவ கொண்டாந்ததும் இதும் ஒரே கல்லுதான்னு நீ ஒரு வரி எழுதிக் குடு. நான் நம்பிக்கறன். அந்தக் குழிமண்ணுல இன்னும் துண்டு கிடக்கும். அதுகள இருட்டுலயே வெச்சு வித்துக்கலாம். நான் இன்னிக்கே இவளுக்கு அட்வான்ஸ் தாரேன், எடத்த எழுதிக்கட்டும். இல்லீன்னா இவ கைக்கல்ல இனி ஒருத்தனும் தொட மாட்டான்."

கல்லை வாங்கி நிறுத்தேன். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு ஒன்று. உடைந்த முனையும் அப்படியே இருந்தது.

மேடம், நீங்கள் ஒரு நிமிஷம் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். எடை ஒன்றாக இருப்பதால் கல் ஒன்று என்று ஆகிவிடாது. முதல் தடவை வந்தபோது நான் பதிவேட்டில் எழுதவில்லை. சார் இல்லாதபோது பதிவேட்டைத் தொடக் கூடாது என்பது விதி. என் சொந்த நோட்டில் பென்சிலில் குறித்திருந்தேன். பென்சிலில் எழுதியதை ஆதாரம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? கல்லை முன்பே போட்டோ எடுத்து வைக்கவில்லை. அந்த ஆறு நாளும் அது எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பாதியை மூடியிருந்தாலாவது ஒரு பக்கம் நீலம் மிச்சம் இருந்திருக்கும், அதைப் பார்த்துத் தைரியமாக எழுதியிருப்பேன். சாருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

"நான் பார்க்காததை எழுத முடியாதுங்க," என்றேன்.

"இதே கல்லுதான்னு உனக்கே தெரியுமல்ல கண்ணு?" என்றார் மயிலாத்தாள் அக்கா.

"தெரியறது வேற, எழுதறது வேறங்க அக்கா."

சென்னியப்பன் எழுந்துவிட்டார். "பாத்தியா, படிச்ச புள்ளயே எழுத மாட்டேங்குது. நான் என்னத்த நம்பறது?" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மயிலாத்தாள் அக்கா கோபப்படவில்லை. "நீ சொல்லித்தான கண்ணு வெச்சன்" என்றார், ஏதோ எனக்கு மறந்துபோனதை நினைவுபடுத்துகிற மாதிரி.

"நான் வைக்கச் சொல்லலைங்க அக்கா. வெச்சாத் தெரியும்னுதான் சொன்னேன்."

அது உண்மை. நான் சொன்ன வார்த்தை அதுதான். நீங்களே கேட்டீர்களே, சற்று முன்னால் அப்படியே சொன்னேன்.

அந்தப் பெண் தேவிகா அதுவரை சுவரில் மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார்தான் அதை மாட்டச் சொன்னார். அவள் திரும்பி, "எங்க மிஸ் உங்களைத்தான் சொல்லுவாங்க, அந்தக்கா மாதிரிப் படிக்கோணும்னு" என்றாள். நான் சிரித்தேன். பாராட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "வாம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனாள். அவர் கல்லைக்கூட எடுக்கவில்லை. நான் வாசல் வரை ஓடிப் போய்க் கொடுத்தேன். யாருடைய பொருளும் என்னிடம் தங்கக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மறுபடி கேள்விப்பட்டதுதான். திங்கட்கிழமை சோலார் கம்பெனியின் மேற்பார்வையாளர் ஆட்களோடு வந்து சாளையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். எங்கள் நிலத்தில் கிடைத்த கல் எங்களுக்குச் சொந்தம் என்று. அரிசிப் பானையை உடைத்துவிட்டார்களாம். வெளுத்த கல்லைப் பார்த்துவிட்டு, "இதையா நீலம்னு சொன்னே? நல்லதை ஒளிச்சுட்டே" என்று கேட்டு, அதையும் கொண்டுபோய்விட்டார்கள். குழிமண்ணை லாரியில் அள்ளி, ரோட்டு வேலைக்குக் கொட்டிவிட்டார்கள். துண்டு ஏதாவது இருந்திருந்தால் இப்போது தாருக்குக் கீழே இருக்கும். அங்கே இருட்டுத்தான், நிறம் நிற்கும்.

அதே வாரம் இடத்துக்காரர் சொல்லிவிட்டார், வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது, இனிமேல் பொறுக்க முடியாது என்று. மயிலாத்தாள் அக்கா அவரிடம் போய்க் கெஞ்சவில்லை. களத்துக்காரரிடம் முன்பணம் கேட்கலாம் என்று சாமியாத்தாள் அக்கா சொன்னதற்கு, "போதுமக்கா" என்றாராம். களத்தில் வேறு எல்லோரும் அவரைக் 'கல்லு வித்தவ' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன் பேரு வந்துருமேன்னு பாத்தன்" என்றார். என் பெயர் ஏன் வர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

சித்திரை முடிவதற்குப் பத்து நாள் முன்பே அவர்கள் போய்விட்டார்கள். பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில், குடியிருக்க ஓர் அறை தருகிறார்கள் என்று. மயிலாத்தாள் அக்கா மட்டும் வேலை செய்தால் அறை கிடையாதாம், இரண்டு பேரும் செய்ய வேண்டும். தேவிகாவுக்கு வயது பதினெட்டு என்று போட்டு ஓர் அடையாள அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் முழுப் பரீட்சை எழுதினாளா இல்லையா என்று சாமியாத்தாள் அக்காவுக்குத் தெரியவில்லை. இரவு ஷிப்ட் என்கிறார். அட்டை விஷயம் உண்மையாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். புகார் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நேரில் பார்க்காமல் எப்படி எழுதுவது?

சார் ஜெய்ப்பூரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வரி விடாமல். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "போன நிறம் திரும்பாதும்மா. மறுபடி கதிர் காட்டி ஏத்தினாலும் வெயிலப் பாத்தா இறங்கிரும்" என்றார். பிறகு ஓர் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கேட்டார்.

ஆக, அந்த நீலம் எப்படியும் போகிற நீலம்தான், மேடம். அதை நினைத்துத்தான் நான் ஆறுதல் அடைகிறேன். நான் அன்றைக்குப் பேசாமல் பெரில் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால், எங்கேயோ யாரோ ஒருவர் அதை வாங்கி ஏமாந்திருப்பார். அந்த ஒருவரை நான் காப்பாற்றினேன். அவர் யார், எந்த ஊர், அவருக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிய பணம், எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் அப்படி ஒருவர் இருக்கத்தான் வேண்டும். இல்லையா? சில நாள் இரவு படுத்துக்கொண்டு அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். வராது. தேவிகா சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் வரும்.

எதையும் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம். அதனால் ஊரில் விசாரித்து, அந்த மூன்று சென்ட் இடத்தின் சர்வே எண்ணை வாங்கினேன். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தேன். எட்டு மாதம் ஆகிறது, போன வாரம்கூட ஒரு தடவை பார்த்தேன். அந்த எண்ணில் புதிதாக எந்தப் பதிவும் இல்லை. வேறு பார்ட்டி என்று யாரும் வரவில்லை. இடம் இன்னும் அந்த மனிதர் பெயரில்தான் இருக்கிறது.